கூலன்ட் முள் 90-ல் நின்றுவிட்டால் எஞ்சின் சூடாகிவிட்டதா? டிராக் டேக்கு முன் வார்ம் அப்

ஊட்டி_ஆர்எஸ்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் ஸ்டாக், டியூனிங் எதுவும் இல்லை. இந்த ஜனவரியில் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டேக்கு (ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்) பதிவு செய்திருக்கிறேன். காலையில் ஊட்டியிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

இங்கே இப்போது விடியற்காலையில் 3, 4 டிகிரிதான். வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் போவதற்குள் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) முள் 90-க்கு வந்து அசையாமல் நின்றுவிடுகிறது. ஆனால் டிஸ்பிளேயில் ஆயில் டெம்பரேச்சர் இடத்தில் வெறும் கோடுதான் தெரிகிறது, நம்பரே வருவதில்லை. சென்சார் போய்விட்டதோ என்று சந்தேகம்.

என் கேள்விகள்: எந்த நிலையில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம்? நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்? அப்பா எப்போதும் 5 நிமிடம் ஓடவிட்டுத்தான் வண்டியை எடுப்பார், எங்கள் வீட்டில் அது கட்டாயம். அப்புறம், டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்குத் தனியாக வார்ம் அப் என்று ஏதாவது உண்டா?

கோவை_மூன்றாம்கியர்

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் ஆயில் 50 டிகிரியைத் தொடும்வரை நம்பர் காட்டாது, கோடுதான் காட்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கோட்டிலேயே இருக்கிறது.

அந்த 90 முள்ளை வார்ம் அப்புக்கு நம்பாதீர்கள். கூலன்ட் எழுபதுகளின் நடுவிலிருந்து நூறு தாண்டும்வரை எங்கே இருந்தாலும் முள் 90-லேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுபவர் முள் ஆடுவதைப் பார்த்துப் பதறக் கூடாது என்பதற்காக. அதோடு, உங்கள் வண்டியில் இருப்பது இஏ888 மூன்றாம் தலைமுறை எஞ்சின். புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனி உறுப்பாக இல்லாமல் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, அதைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. ஆரம்பத்தில் எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்டைச் சுற்றவிடாமல் நிறுத்தியும் வைக்கிறது. புகையின் சூடு நேராகக் கூலன்டுக்குப் போவதால் அது சீக்கிரம் சூடாகிவிடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும், கேபின் ஹீட்டருக்கும், மைலேஜுக்கும் இது நல்லது. ஆனால் ஆயில் அதே வேகத்தில் சூடாவதில்லை. பழைய எஞ்சின்களைவிட இதில் கூலன்டுக்கும் ஆயிலுக்கும் இடைவெளி அதிகம் என்றே சொல்வேன்.

ஆயில் ஏன் முக்கியம் என்றால், எஞ்சினுக்குள் சுற்றும் பாகங்களைத் தாங்கும் கிராங்க் பேரிங்கும் கனெக்டிங் ராட் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கின்றன. சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் ஏறக்குறைய 70 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) கெட்டியாக இருக்கும். 100 டிகிரியில் 12-க்கு இறங்கிவிடும். உங்கள் ஊர்க் காலைக் குளிரில் அது 400-க்கு மேல் இருக்கும். அந்த நிலையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் பிரஷர் பிரமாதமாகத் தெரியும். பிரஷர் அதிகம் என்பதால் ஆயில் நன்றாகப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஆயில் நுழைய முடியாமல் தள்ளுவதால்தான் அந்தப் பிரஷர். பம்ப்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதி எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கே திரும்பிவிடும். அந்த நேரத்தில் ரெவ் ஏற்றினால் ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொள்ளும், வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும்.

இன்னொன்று பிஸ்டன். உங்கள் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்த சில நொடிகளில் பிஸ்டன் தலை கொதிக்கும். சுற்றியுள்ள சிலிண்டர் சுவர் அந்த வேகத்தில் விரியாது. இடையில் இருக்க வேண்டிய கிளியரன்ஸ் அந்த நேரத்தில்தான் குறைகிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்திருக்கும். அந்தப் பிஸ்டன்களில் வரும் 2618 வகை அலுமினிய அலாய் இன்னும் அதிகம் விரியும் என்பதால் கிளியரன்ஸ் கூடுதலாக விட்டுப் பொருத்துவார்கள். குளிரில் டக் டக் என்று சத்தம் போட்டுச் சூடானதும் அடங்கும்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஸ்டார்ட் செய்ததும் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சுற்றும் வேகம்) 1100, 1200 ஆர்பிஎம்மில் கொஞ்சம் முரட்டுச் சத்தத்தோடு ஓடும். அது கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கும் வேலை. அது அடங்கி ஐடில் இறங்க அரை நிமிடம், குளிரில் ஒரு நிமிடம் ஆகும். சீட் பெல்ட் போட்டுக் கண்ணாடியைச் சரிசெய்ய ஆகும் நேரம்தான். அதன் பிறகு வண்டியை எடுத்துவிடுங்கள். 2000-லிருந்து 3000 ஆர்பிஎம்முக்குள், லேசான ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். ஆயில் நம்பர் தெரிய ஆரம்பித்ததும் 3500 வரை போகலாம். 80 வந்த பிறகு ரெவ்வைப் படிப்படியாக ஏற்றுங்கள். 90 வந்து அங்கே சில நிமிடம் நின்ற பிறகு முழு ஆக்ஸிலரேட்டர்.

கியர்பாக்ஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

பட்டறைக்காரர்_ஈரோடு

மூன்றாம்கியர் தம்பி சொல்வது புது வண்டிக்குச் சரி. ஆனால் அந்தப் பையனின் அப்பா சொல்வதைத் தப்பு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 எல்லாமே கார்புரேட்டர். சோக் இழுத்து வைத்து எஞ்சின் கொஞ்சம் சூடானால்தான் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகும். அதற்குமுன் எடுத்தால் முதல் திருப்பத்திலேயே அணைந்து போகும். பழைய டீசலும் அப்படித்தான், குளிரில் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு 5 நிமிடம் ஓடவிட்டது அனுபவத்தில் வந்த பழக்கம்.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. என்னிடம் சர்வீஸுக்கு வரும் வண்டிகளில், தினமும் வீட்டு வாசலில் நீண்ட நேரம் ஓடவிடுகிறவர்களின் ஆயில் டிப்ஸ்டிக்கிலேயே பெட்ரோல் வாசம் அடிக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் இது இன்னும் அதிகம். அப்பாவிடம் இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஊட்டி_ஆர்எஸ்

நன்றி ஐயா. அப்பா முதலில் ஓட்டியது பத்மினிதான். ஓடவிடுவதால் ஆயிலில் பெட்ரோல் எப்படிக் கலக்கிறது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? அவரிடம் சொல்ல வசதியாக இருக்கும்.

பட்டறைக்காரர்_ஈரோடு

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். அதில் ஒரு பங்கு எரியாமல் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஒட்டும். அங்கிருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழே சம்ப்புக்கு இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் அதே வழியில் இறங்கித் தண்ணீராகும். ஐடிலில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாவிட்டால் சூடும் இல்லை, ஆகவே இந்தக் குளிர்ந்த நிலையிலேயே நீண்ட நேரம் கிடக்கிறது. ஓட்டிக்கொண்டு போனால் அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டிவிடும். ஆயில் நன்றாகச் சூடாகி ஒரு நல்ல தூரம் ஓடினால் சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலில் பெரும்பகுதியும் ஆவியாகிப் போய்விடும்.

ஓஎம்ஆர்_டர்போ

ஊட்டிக்கு இதெல்லாம் சரி. சென்னையில் காலை 6 மணிக்கே 28 டிகிரி. இங்கே எஞ்சின் ஒருபோதும் குளிர்வதே இல்லை. கேட்டைத் தாண்டியதும் மிதிக்கலாம் என்பது என் கருத்து. வெளிநாட்டுக் குளிருக்கு எழுதிய அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது.

கோவை_மூன்றாம்கியர்

இந்தக் கருத்தைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் கணக்கோடு பதில் சொல்கிறேன். அதே 5டபிள்யூ-30 ஆயில் 28 டிகிரியில் ஏறக்குறைய 120 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் 12. பத்து மடங்கு வித்தியாசம். எஞ்சினை வடிவமைத்தவர் பேரிங் கிளியரன்ஸைக் கணக்கிட்டது அந்த 12-க்கு அருகில்தான். நம் ஊர் வெயில் நமக்குச் சூடு, எஞ்சினுக்கு அது குளிர்தான். வார்ம் அப் நேரம் இங்கே குறையும், சந்தேகமில்லை. வார்ம் அப்பே வேண்டாம் என்ற நிலை எந்த ஊரிலும் இல்லை.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் யோசியுங்கள். அதன் ஷாஃப்ட் முழு பூஸ்டில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதைத் தாங்கி நிற்பதும் ஆயில் படலம்தான். கெட்டியான ஆயில் சின்னக் குழாய் வழியாக டர்போவுக்குப் போய்ச் சேரும் முன்பே பூஸ்ட் கேட்டால் முதலில் அடிபடுவது அந்த பேரிங்தான்.

ஃபார்முலா 1 எஞ்சின்களை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வெளியிலிருந்து சூடான திரவத்தைச் சுற்றவிட்டுச் சூடாக்குவார்கள். கிளியரன்ஸ் அவ்வளவு நெருக்கம். நம் வண்டிகளுக்கு அது தேவையில்லை என்பதால்தான் நமக்கு இந்தச் சில கிலோமீட்டர் பொறுமை போதும்.

டொராண்டோ_மாறன்

இங்கே டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் பிஎம்டபிள்யூ எம்3 இ46 இருக்கிறது. வார்ம் அப் விஷயத்தில் ஓட்டுபவருக்கு அந்த வண்டி அளவுக்கு உதவிய வேறு வண்டி நான் பார்த்ததில்லை. டேக்கோமீட்டரைச் சுற்றிச் சின்ன விளக்குகள் இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 4000-க்கு மேல் உள்ள விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், இதற்கு மேல் போகாதே என்று பொருள். ஆயில் சூடாக ஆக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து சிவப்புக் கோடு மேலே நகரும். தனியாக ஆயில் டெம்பரேச்சர் மீட்டரும் உண்டு.

அது வெறும் அலங்காரம் இல்லை. அந்த எஸ்54 எஞ்சினின் ஸ்ட்ரோக் 91 மில்லிமீட்டர், 8000 ஆர்பிஎம் வரை சுற்றும். சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 24 மீட்டர் வருகிறது. ஆரம்ப வருட வண்டிகளில் ராட் பேரிங் சிக்கல் வந்து பிஎம்டபிள்யூ திரும்ப அழைத்து பேரிங் மாற்றிக் கொடுத்தது. இந்த எஞ்சினுக்கு அவர்கள் சொல்வது 10டபிள்யூ-60 ஆயில். அவ்வளவு கெட்டியான ஆயிலைக் குளிரில் வைத்து ரெவ் ஏற்றுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குளிர்காலத்தில் எம்3-ஐ மூடிப்போட்டு நிறுத்திவிடுவேன். இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியை வாரம் ஒருமுறை 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று இங்கும் சிலர் நினைக்கிறார்கள். பட்டறைக்காரர் ஐயா சொன்ன அதே காரணத்துக்காக அது கெடுதல். தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் சேருமே தவிர, ஆவியாகிப் போக வாய்ப்பே கிடைக்காது. பேட்டரிக்கு ஒரு சார்ஜர் மாட்டிவிட்டு எஞ்சினைத் தொடாமல் விடுவதே மேல். தினசரி வண்டிக்கு மட்டும் பிளாக் ஹீட்டர் உண்டு. மைனஸ் 20-ல் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஆன் ஆகும்படி டைமர் வைத்திருக்கிறேன்.

ஓஎம்ஆர்_டர்போ

மூன்றாம்கியர் அண்ணா, பத்து மடங்கு என்ற கணக்கை நான் யோசித்ததில்லை. சரி, அப்படியானால் டிராக்குக்குப் போகும்போது மாறன் சொன்ன 10டபிள்யூ-60 ரேஸிங் ஆயிலை ஆக்டேவியாவில் ஊற்றினால் பாதுகாப்பு கூடுமா?

கோவை_மூன்றாம்கியர்

வேண்டாம். 28 டிகிரியில் 5டபிள்யூ-30 120 என்றால் 10டபிள்யூ-60 ஏறக்குறைய 280. 100 டிகிரியில்கூட 23 இருக்கும், இரண்டு மடங்கு. இஏ888-ன் ஆயில் பம்ப், கேம் அட்ஜஸ்டர், டைமிங் செயின் டென்ஷனர் எல்லாம் மெல்லிய ஆயிலுக்கு அளந்து செய்தவை. கம்பெனி சொன்ன 502 அல்லது 504 தரம் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். டிராக்குக்கு அடிக்கடி போனால் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். ஆயில் 120 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆற விடுங்கள். எஸ்54-க்கு 60 கிரேடு பொருந்துகிறது என்றால் அதன் பேரிங்கும் பம்ப்பும் அதற்கேற்றபடி இருப்பதால்தான்.

இப்போது கியர்பாக்ஸ். ஆர்எஸ் 230-ல் இருப்பது ஆறு கியர் டிக்யூ250, ஈரமான கிளட்ச். அதாவது கிளட்ச் தட்டுகளும் கியர்களும் வால்வுகளை இயக்கும் மெக்கட்ரானிக்கும் ஒரே ஆயிலில்தான் வேலை செய்கின்றன. அந்த ஆயிலுக்கும் எஞ்சின் கூலன்டுக்கும் இடையே ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. அதை எல்லோரும் கூலர் என்றுதான் நினைக்கிறார்கள். குளிர்ந்த காலையில் அதுவே கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஹீட்டர். இருந்தாலும் எஞ்சின் ஆயிலுக்குப் பின்னால்தான் வரும். ஆயில் கெட்டியாக இருக்கும்போது கிளட்ச் பிடிப்பதில் ஒரு சின்னத் தாமதமும் குலுக்கலும் தெரியும். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தில் கிளப்பும் லாஞ்ச் கன்ட்ரோலை அந்த நிலையில் தொடவே கூடாது.

நின்ற இடத்தில் எஞ்சினை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கியர்கள் சுமையோடு சுற்றப் போவதில்லை. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில் ஜாயின்ட்டில் இருக்கும் கிரீஸ், வீல் பேரிங், ஷாக் அப்ஸார்பர், டயர் எல்லாமே வண்டி ஓடினால்தான் சூடாகும். ஐடிலிங் வார்ம் அப்பை நான் ஒப்புக்கொள்ளாததற்கு முதல் காரணம் இதுதான். எஞ்சின் மட்டும் அரைகுறையாகச் சூடாகி, மீதி வண்டி முழுக்கக் குளிராக இருக்கும். ஓட்டுபவர் மட்டும் எல்லாம் தயார் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

டி மோடில் விட்டால் கியர்பாக்ஸ் அவசரமாக மேல் கியருக்குப் போய்விடும். 1400 ஆர்பிஎம்மில் ஆறாவது கியரில் இருக்கும்போது ஆழமாக மிதிப்பதும் குளிர்ந்த எஞ்சினுக்கு நல்லதில்லை. குறைந்த சுற்றில் பேரிங்கின் ஆயில் படலம் மெல்லியது, சுமையோ பெரியது. மேனுவல் மோடில் ஒரு கியர் கீழே வைத்து 2000-க்கு மேல் ஓட்டுங்கள்.

ஸ்டுட்கார்ட்_நிலா

கியர்பாக்ஸ் பேச்சு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். இங்கே எங்கள் வீட்டில் ஒரு பழைய போர்ஷே 911 இருக்கிறது, கரேரா 3.2, காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின். கூலன்டே கிடையாது. டாஷ்போர்டில் இருக்கும் ஒரே டெம்பரேச்சர் மீட்டர் ஆயிலுக்குத்தான். டிரை சம்ப் என்பதால் தனி டேங்கும் நீளமான குழாய்களும் சேர்த்து 13 லிட்டர் ஆயில். அவ்வளவையும் சூடாக்க நேரம் பிடிக்கும். அதையும் நின்ற இடத்தில் சூடாக்குவதில்லை, ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக எடுத்து ஓட்டியே சூடாக்குகிறோம். ஜெர்மனியில் சாலை விதி 30-வது பிரிவின்படி தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது தண்டனைக்குரியது. அதனால் இங்கே அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லை.

மேனுவல் கியர்பாக்ஸ் உள்ளவர்கள் கையிலேயே சூட்டை உணரலாம். ஆயில் கெட்டியாக இருந்தால் சின்க்ரோ வளையம் கியரின் வேகத்தைச் சமன்செய்யத் திணறும். இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது அதனால்தான். பழைய ஃபெராரி 308, 328 வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸ் சூடாகும்வரை இரண்டாவதைத் தொடாமல் ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். லிவரைப் பலமாகத் தள்ளினால் கியர் விழும், ஆனால் சின்க்ரோ தேயும். குளிரில் லிவரை நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் பிறகு மெதுவாக விடுங்கள்.

ஆட்டோபானில் வேக வரம்பில்லாத பகுதி பக்கத்திலேயே வரும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது தினசரிச் சோதனை. வீட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் 200-ல் போகலாம் என்ற ஆசை வரும். ஆயில் 80 வரும்வரை வலது லேனில் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுவதுதான் சரி.

கோவை_மூன்றாம்கியர்

நிலா எழுதியது அருமை. ஊட்டித் தம்பி, உங்கள் பாதையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று, இந்த விவாதத்திலேயே உங்களுக்கு மிக முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இருப்பது 2200 மீட்டருக்கு மேல். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம்வரை பெரும்பாலும் இறக்கம். சமதளத்தில் 10 கிலோமீட்டர் ஓட்டினால் ஆயில் சூடாகும் என்று சொல்வதெல்லாம் எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போதுதான். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் முழுக்க நின்றுவிடும். எஞ்சின் சுற்றும், எதுவும் எரியாது, சூடு பிறக்காது, குளிர்ந்த காற்று மட்டும் உள்ளே போய்வரும். குன்னூர் தாண்டியும் ஆயில் 60-ஐ ஒட்டியே நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். முள் மட்டும் 90-ல் இருக்கும்.

அதற்காக நியூட்ரலில் இறங்க வேண்டாம், அது ஆபத்து. கீழ் கியரில் எஞ்சின் பிரேக்கிங்கோடு இறங்குங்கள், ஆனால் ரெவ் 3000 பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டாவதில் 5000 ஓடவிட்டு இறங்கினால் குளிர்ந்த ஆயிலில் பிஸ்டனும் ராடும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டியிருக்கும். எரிதல் இல்லாவிட்டாலும் ராட் பேரிங்கை இழுக்கும் விசை ரெவ்வோடு சேர்ந்து ஏறும். மேட்டுப்பாளையத்தில் சமதளம் வந்ததும் லாரியை முந்த ஒரு மிதி மிதிக்கத் தோன்றும். அதற்கு முன் ஆயில் நம்பரைப் பாருங்கள். அங்கிருந்து கோவை வரும் தூரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

அடுத்த சிக்கல் டிராக் இருக்கும் செட்டிபாளையம் போய்ச் சேர்ந்த பிறகு. பதிவு, ஹெல்மெட் சோதனை, ஓட்டுநர்களுக்கான விளக்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் வண்டி ஆறிவிடும். ஆயிலில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும், டயரிலும் பிரேக்கிலும் ஒன்றும் இருக்காது. அதனால் டிராக்கில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பற்றி சிவப்புக்கொடி அண்ணா எழுதினால் நன்றாக இருக்கும்.

சிவப்புக்கொடி

காரியில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். முதல் மூன்று சுற்றை வார்ம் அப்புக்கு ஒதுக்கினால் 6 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். சாலையிலிருந்து ஓட்டி வந்த வண்டிக்கு அது போதும். டிரெய்லரில் ஏற்றி வந்த வண்டி என்றால் பேடாக்கில் (டிராக்குக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடம்) ரெவ் ஏற்றிக்கொண்டு நிற்காமல், உள்ளே போய் இன்னும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஸ்ட்ரெய்ட்டில் பாதி ஆக்ஸிலரேட்டர், 3500 வரை. இரண்டாம் சுற்றில் 4500. மூன்றாம் சுற்றில் ஆயிலைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். பின்னால் வேகமாக வருபவருக்கு இண்டிகேட்டர் போட்டு வழிவிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

டயர் சூடாக வண்டியை இடம் வலமாக ஆட்டுபவர்களைப் பார்க்கிறேன். சாலை டயருக்கு அதனால் பெரிய பயன் இல்லை, குளிர்ந்த டயரில் அப்படி ஆட்டி வழுக்கியவர்களும் உண்டு. நேராகப் போகும்போது நடுத்தரமாக வேகமெடுத்து நடுத்தரமாக பிரேக் பிடித்தால் டயரும் பிரேக்கும் சேர்ந்தே சூடாகும். முதல் பலமான பிரேக்கைக் கடைசி நொடியில் பிடிக்க நினைக்காதீர்கள். டிராக்குக்கென்று செய்த பிரேக் பேடுகள் குளிரில் சரியாகப் பிடிக்காது. சாலை பேடுகள் குளிரில் பிடிக்கும், நாலைந்து வேகச் சுற்றுக்குப் பிறகு கைவிட ஆரம்பிக்கும்.

டயர் காற்றைக் காலையில் பேடாக்கில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேகச் சுற்றுகளுக்குப் பிறகு 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். சூட்டோடு வெளியே வந்ததும் அளந்து குறைக்க வேண்டும். வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள்.

திரும்பி வரும்போதும் இதே கவனம் வேண்டும். கடைசிச் சுற்றை மேல் கியரில், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம், பிரேக் மிதியையும் மிதித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கொதிக்கும் டிஸ்க்கில் பேடு ஒரே இடத்தில் அழுந்தினால் அதன் படிவு அங்கேயே ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு பி-யில் விடுங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். அணைத்த பிறகும் மின்சாரப் பம்ப் டர்போவுக்குக் கூலன்ட் சுற்றவிடும், ஃபேனும் ஓடலாம். அது கோளாறு இல்லை.

இன்னொரு செய்தி, புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த எஸ். கரிவரதன் கோவைக்காரர். குறைந்த செலவில் ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டி, பல இளைஞர்கள் ரேஸுக்கு வர வழி செய்தவர். 1995-ல் சிறிய விமான விபத்தில் மறைந்தார். டிராக் 2003-ல் திறக்கப்பட்டது.

ஊட்டி_ஆர்எஸ்

டிராக் டேக்கு முன் ஒத்திகையாக ஒரு விடியற்காலையில் கோவை வரை போய் வந்தேன். நண்பரின் ஓபிடிஇலெவன் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி டிஎஸ்ஜி ஆயில் டெம்பரேச்சரையும் பார்த்தேன். மூன்றாம்கியர் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. குன்னூர் வரை முள் 90-ல் நிற்க, ஆயில் ஐம்பதுகளைத் தாண்டவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் காரமடை வரும்போதுதான் 85-ஐத் தொட்டது. அப்போதும் டிஎஸ்ஜி ஆயில் 60-க்குக் கீழேதான் இருந்தது. அப்பாவிடம் அந்த மூன்று நம்பரையும் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ஓட்டித்தான் சூடாக்கணும்" என்றார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். டிஎஸ்ஜி ஆயிலுக்கும் ஒரு குறைந்தபட்ச எண் வைத்துக்கொள்ள வேண்டுமா? எஞ்சின் ஆயில் தயாரானால் போதாதா?

கோவை_மூன்றாம்கியர்

வைத்துக்கொள்ளுங்கள். நிசான் ஜிடி-ஆர் ஆர்35-ல் டிரான்ஸ்மிஷன் ஆயில் டெம்பரேச்சரையும் டிஸ்பிளேயிலேயே காட்டியிருப்பார்கள், அது எஞ்சினுக்குச் சமமாகப் பார்க்க வேண்டிய எண் என்பதால்தான். டிக்யூ250-க்கு நான் கடைப்பிடிப்பது 65 டிகிரி. அதற்குக் கீழே முழு ஆக்ஸிலரேட்டரில் கியர் மாற்றுவதில்லை. காரியில் மூன்று வார்ம் அப் சுற்றுக்குள் அது வந்துவிடும், அங்கே கியர் மாற்றம் அடிக்கடி நடக்கிறது. வேகச் சுற்றுகளில் 100-ஐத் தாண்டி ஏறினால் ஒரு சுற்று ஆற விடுங்கள். டிஎஸ்ஜி ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பழைய உரிமையாளரிடம் கேட்டீர்களா? 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, போவதற்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

ஊட்டி_ஆர்எஸ்

பில் இல்லை அண்ணா. இந்த வாரமே மாற்றிவிடுகிறேன்.

பட்டறைக்காரர்_ஈரோடு

மாற்றும்போது லெவலைக் கண்ணால் பார்த்து முடித்துவிட விடாதீர்கள் தம்பி. இந்த கியர்பாக்ஸில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமமாக நிற்க, அடியில் உள்ள குழாய் வழியாக வடிவதை வைத்துத்தான் லெவல் பார்க்க வேண்டும். ஸ்கேனர் மாட்டி டெம்பரேச்சர் பார்த்துச் செய்கிற பட்டறையாகப் பாருங்கள்.